மடித்து வைத்த ஓரம்

அத்தியாயம் பதினொன்று

அம்மாவின் பிறப்புப் பத்திரத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்த பல்லுவைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். படுத்தாளே தவிரத் தூங்கினாளா என்று கேட்காதீர்கள்.

நடுவழியில் வந்து ஏறிக்கொண்டவர்களுக்காக நாலு வார்த்தை. பல்லு என்பது அவள் பெயர் அல்ல. இருபது வருடமாகப் பல் ஆய்வகத்தில் பொய்ப்பல் செய்கிறாள். அதனால் அண்ணன் வைத்த பட்டம், வீட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் அமையவில்லை. அதற்காக அவள் கவலைப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

அவள் கவலை வேறு. விபத்திலும் நோயிலும் மூக்கை, காதை இழந்தவர்களுக்கு மறுபடி மூக்கும் காதும் செய்து பொருத்துகிற ஆய்வகம் ஒன்று கடல் கடந்த ஒரு நாட்டில் இருக்கிறது. பல்லு செய்து அனுப்பிய ஒரு காதைப் பார்த்துவிட்டு, அவளுக்காக ஒரு மேஜையைக் காலியாக வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்குள் போனால் மேஜை அவளுக்கு. போகாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்கு.

அந்த நாடு எது என்பதில்தான் விசேஷமே. அது அம்மா பிறந்த நாடு. தாய் அங்கே பிறந்திருந்தால் பிள்ளைக்கும் அங்கே வாழ உரிமை உண்டாம். இங்கிருந்தே விண்ணப்பித்து, வசிப்புரிமைச் சான்று என்று ஒன்றை வாங்கிப் பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்டால் போதுமாம். அதற்கான நேர்காணல் இன்று காலை ஒன்பதரைக்கு.

"நீயும் வாயேன்மா. நீ பொறந்த நாட்டோட ஆபீஸ்தானே? உன்னைப் பார்த்தா சந்தோஷப்படுவாங்க."

"என்னைப் பார்த்து அவங்க எதுக்குச் சந்தோஷப்படணும்? ரெண்டு வயசுல கிளம்பி வந்தாச்சு. எனக்கும் அதுக்கும் ஒண்ணும் கிடையாது. நீ கொண்டுபோக வேண்டியதை எல்லாம் எடுத்துக்கிட்டியா பாரு."

அம்மா முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இருந்தவள். ஊரார் பேச்சை எல்லாம் இணைத்துவிட்டு, தன் பேச்சை மட்டும் அளந்து செலவழிக்கிறவள். சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அண்ணன் வந்துவிட்டான். நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, தங்கையின் நேர்காணலுக்கு இல்லை, தானே மாப்பிள்ளையாகப் போகிறவன் மாதிரி வந்திருந்தான்.

"பல்லு, பத்திரம் பத்திரமா இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நீ பார்த்து ஓட்டு."

*

ஏழாவது மாடி. டோக்கன் எண் பதினாலு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடிக்குச் சங்கிலி மாட்டிய ஓர் அதிகாரி அம்மாள்.

படிவத்தைப் புரட்டினார். பல்லுவின் பிறப்புச் சான்று, அம்மாவின் திருமணச் சான்று, பழைய பாஸ்போர்ட், எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். கடைசியில் அந்தப் பத்திரம். அதை அவர் படிக்கவே இல்லை. கட்டை விரலை அதன்மேல் வைத்து இப்படியும் அப்படியும் ஒரு தடவை தடவினார்.

"இது என்ன?"

"அம்மாவோட பிறப்புப் பத்திரம் மேடம். ஒரிஜினல்."

"ஒரிஜினல் உள்ள இருக்கு. என் கையில இருக்கறது பிளாஸ்டிக்."

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் கடையில நானே லேமினேட் பண்ணினது மேடம். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஒரு குமிழி, ஒரு சுருக்கம் இருக்கா பாருங்க!"

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க சார். அதுதான் வினையே," என்றார் அதிகாரி. "முத்திரையை விரலால தொட்டுப் பார்த்துத்தான் நான் இதை அசல்னு எழுதணும். இதுல எதைத் தொடுறது? இன்னொண்ணு, பதிவு எண் எங்கே? இடது ஓரத்துல இருக்கணுமே?"

அண்ணன் எச்சில் விழுங்கினான். "காகிதம் நீளமா இருந்துச்சு மேடம். உறைக்குள்ள அடங்கலை. ஓரத்துல ஏதோ நம்பர்தானேன்னு... மடிச்சு உள்ள தள்ளிட்டேன்."

பல்லு அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

"புதுப் பிரதி வரவழைக்க முடியாதா மேடம்?"

"பதிவு எண் இருந்தா ரெண்டு வாரத்துல வரும். இல்லைன்னா அங்க பழைய ஏடுகளைப் புரட்டித் தேடணும். நாலு மாசம் ஆகும்."

"அடுத்த நேர்காணல்?"

"ஏழு வாரம் கழிச்சு."

ஒன்றாம் தேதிக்கு இருப்பதோ மூன்றே வாரம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பல்லு கண்ணாடித் தடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், எப்படியாவது இந்த உரிமையை எனக்கு நீங்க குடுத்தீங்கன்னா..."

அதிகாரி அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டார்.

"இங்க வர்ற எல்லாரும் இதே தப்பைத்தான் பண்றீங்க. நாங்க எதையும் குடுக்கறதில்லைம்மா. குடுக்க எங்களுக்கு அதிகாரமும் இல்லை. உங்க அம்மா அங்க பொறந்தது உண்மைன்னா, நீங்க பொறந்த நிமிஷமே அந்த உரிமை உங்களுக்கு வந்தாச்சு. நாற்பத்தொரு வருஷமா உங்ககிட்டதான் இருக்கு. இருக்குன்னு ஒரு சீட்டு எழுதித் தர்றது மட்டும்தான் என் வேலை."

பல்லு தடுப்பின் விளிம்பை விட்டாள்.

"இன்னிக்கு மூணு மணி வரைக்கும் கவுன்ட்டர் திறந்திருக்கும்," என்று அதிகாரி தொடர்ந்தார். "முழுசா பிரிச்சுக் கொண்டுவந்தா வாங்கிக்கறேன். கிழிஞ்சாலோ எழுத்து போனாலோ என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

*

லிஃப்டில் இறங்கும்போது பல்லு பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் இருக்கிறாள் என்று அண்ணன் மூலையில் ஒண்டிக்கொண்டான்.

அது கோபம் இல்லை. மலைப்பு. நாற்பத்தொரு வருடம்! பள்ளிக்கூடத்தில் கணக்கு வராமல் அழுதபோதும், மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தபோதும், மழையில் பேருந்துக்கு நின்றபோதும், முகம் தெரியாத ஒரு தேசம் முழுவதிலும் எந்தத் தெருவிலும் வீடெடுத்து வாழும் உரிமை அவளிடம் இருந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு அவளோடு இருந்திருக்கிறது.

"என்னைத் திட்டிடு பல்லு. நான் ஒரு முட்டாள்."

"வெறும் முட்டாள்னா பரவாயில்லையே. நீ அக்கறையான முட்டாள்."

நியாயமான பேச்சுதான். லேமினேஷன் இயந்திரம் வாங்கிய வாரத்தில் அண்ணன் கைக்குக் கிடைத்ததை எல்லாம் பிளாஸ்டிக்கில் போட்டான். மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை, கட்டிமுடித்த மின்கட்டண ரசீது, தன் கல்யாணப் பத்திரிகை. அண்ணி ஒருத்திதான் தப்பினாள். குடும்பம் காகிதத்தைத் தொலைத்துவிடக் கூடாதே என்கிற பயம் அவனுக்கு. அப்பா இறந்தபோது ஒரு சான்று கிடைக்காமல் பட்ட பாடு அப்படி.

"அண்ணா, இதைப் போட்ட அதே நாள், அதே மாதிரி உறையில வேற என்ன போட்டே?"

"என் பத்தாவது மார்க் ஷீட்டு. ஏன்?"

"எடுத்துக்கிட்டு ஆய்வகத்துக்கு வா. ஓடு."

*

மணி பதினொன்றே முக்கால். ஆய்வகத்தில் கூட வேலை செய்கிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேஜை விளக்கு, மெழுகுக் கத்தி, சூடான காற்றை ஊதும் குழல், பூதக்கண்ணாடி. பல்லு தன் இடத்தில் உட்கார்ந்து கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள்.

அண்ணன் மூச்சிரைக்க வந்து மார்க் ஷீட்டை நீட்டினான்.

"முதல்ல இதுல பழகிக்கறேன். போனா போச்சுன்னு விட்டுடுவியா?"

"கணக்குல முப்பத்தாறு. போனா நல்லதுதான்."

கல்லிலே நார் உரிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். பிளாஸ்டிக்கிலிருந்து காகிதத்தை உரிப்பது அதற்கு அண்ணன் முறை. விளிம்பை நறுக்கி, மெழுகுக் கத்தியின் நுனியை உள்ளே விட்டு, காற்றை ஊதி, படலத்தை மேலே தூக்கி இழுத்தாள். வந்தது. படலத்தோடு சேர்ந்து தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றின் மதிப்பெண்களும் வந்துவிட்டன.

பல்லு கிழிந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள்.

"சூடு அதிகம்," என்றாள் பல்லு தனக்குத்தானே. "மேல தூக்கினதும் தப்பு. படிய இழுக்கணும்."

மறுபடி செய்தாள். சூட்டைக் குறைத்தாள். படலத்தைத் தூக்காமல், அதன்மேலேயே மடக்கிப் படுக்கவைத்து, நகம் வளரும் வேகத்தில் இழுத்தாள். அறிவியல் பிழைத்தது. வரலாறு பிழைத்தது. கீழே தலைமை ஆசிரியர் கையெழுத்து முழுசாக நின்றது.

அவள் மார்க் ஷீட்டைத் தள்ளிவைத்துவிட்டு அம்மாவின் பத்திரத்தை எடுத்தாள்.

அடுத்த ஒன்றேகால் மணி நேரம் அவள் தலை நிமிரவில்லை. அண்ணன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வருடமாகத் தங்கையை 'பல்லு, பல்லு' என்று கேலி செய்தவன், அவள் வேலை செய்து ஒரு நாளும் பார்த்ததில்லை. இடது கை படலத்தைப் பிடித்திருந்தது. வலது கையில் கத்தி அசைவதே தெரியவில்லை. ஆனால் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. ஓர் எழுத்து, அடுத்த எழுத்து, அடுத்தது. ஒரு இடத்தில் மை லேசாகப் படலத்தோடு எழும்பியது. அவள் நிறுத்தினாள். மூச்சையும் நிறுத்தினாள். ஊதுகுழலை அரை அங்குலம் பின்னுக்கு நகர்த்தினாள். மை காகிதத்துக்கே திரும்பிப் படிந்தது.

"அடேயப்பா," என்றான் அண்ணன், தன்னை மறந்து. அவன் கண் கலங்கியிருந்தது. "இதைத்தானா இத்தனை வருஷமா பண்ணிக்கிட்டு இருந்தே? எனக்குத் தெரியவே தெரியாதே பல்லு."

"பேசாதே. காத்து வருது."

படலம் இரண்டு பக்கமும் கழன்றது. மிச்சம் இருந்தது அந்த மடிப்பு. இருபத்திரண்டு வருடம் அழுந்திக் கிடந்த மடிப்பை வெடுக்கென்று பிரித்தால் அப்பளம்போல் உடையும். கெண்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியை ஒரு நொடி காட்டி, ஒரு நொடி எடுத்து, மறுபடி காட்டினாள். ஓரம் மெல்ல நெகிழ்ந்து கொடுத்தது. அவள் அதை விரலால் நீவித் திறந்தாள்.

பழுப்பேறாத வெள்ளைக் காகிதம். நீல மை. பதிவு எண் 347. அதன் கீழே, ஓரத்தில், பொடி எழுத்தில்: பிற்பகல் 2.10.

"அம்மா பொறந்த நேரம்கூட எழுதியிருக்காங்க பாரேன்!" என்றாள் பல்லு.

கட்டை விரலால் முத்திரையைத் தொட்டுப் பார்த்தாள். சின்ன மேடு. இருக்கிறது. தேய்ந்திருந்தாலும் இருக்கிறது. எழுபது வருடத்துக்கு முன்னால் எங்கோ ஒரு மேஜையில் ஒரு எழுத்தர் உட்கார்ந்து, தகப்பன் தொழில், தாய் பெயர், வீட்டு எண் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு, இந்த வரியை எழுதி, இந்த முத்திரையை அழுத்தியிருக்கிறார். அப்போது அம்மாவுக்கு வயது நாலு நாள். அந்த ஒரு வரியை நம்பி ஒரு நாடே இன்றைக்கு இவளை உள்ளே விடப் போகிறது.

"மணி ரெண்டு!" என்று அலறினான் அண்ணன்.

*

கவுன்ட்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு நாற்பது. அதிகாரி பத்திரத்தை வாங்கி முத்திரைமேல் விரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பின்னால் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"யார் பிரிச்சது?"

"நான்தான் மேடம்."

"என்ன வேலை பண்றீங்க?"

"பல் செய்யறேன். இனிமே மூக்கு, காது செய்யணும்."

அதிகாரி மெல்லச் சிரித்தார். "இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். பிரிச்சுக்கிட்டு வாங்கன்னு நிறைய பேரை அனுப்பியிருக்கேன். திரும்பி வந்தது நீங்கதான்." 'அசல் சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.

ஒற்றிய கை பாதியில் நின்றது.

"உங்க அம்மாவுக்குக் கூடப்பொறந்தவங்க எத்தனை பேர்?"

"யாரும் இல்லை மேடம். அம்மா ஒத்தைப் பிள்ளை. படிவத்துலயும் எழுதியிருக்கேனே."

"அதைத்தான் பார்க்கறேன்." அதிகாரி ஓரத்துப் பொடி எழுத்தை விரலால் காட்டினார். "அந்தக் காலத்து ஏடுகள்ல தேதி மட்டும்தான் போடுவாங்க. நேரம் எழுதற வழக்கமே கிடையாது. ஒரே ஒரு சமயத்துல மட்டும் எழுதுவாங்க. ஒரே வயித்துல ரெண்டு குழந்தை பொறந்தா, எது மூத்ததுன்னு பின்னாடி தெரியணுமே, அதுக்காக."

பல்லு அந்தப் பொடி எழுத்தைக் குனிந்து பார்த்தாள். பின்னால் நின்ற அண்ணன், "அப்படின்னா?" என்று கேட்டுவிட்டு, பதில் தனக்கே தெரிந்து வாயை மூடிக்கொண்டான்.

"விண்ணப்பத்தை வாங்கிக்கறேன்," என்றார் அதிகாரி, முத்திரையைக் குத்தியபடி. "ஆனா படிவத்துல ஒண்ணு, பத்திரத்துல ஒண்ணுன்னு மேல அனுப்ப முடியாது. மறைச்சதா எடுத்துக்குவாங்க. இந்தக் குடும்ப விவரத் தாளை உங்க அம்மா தன் கையால நிரப்பிக் கையெழுத்துப் போடணும். நாளைக்குக் காலையில கொண்டுவாங்க. ஒரு கட்டம்கூட காலியா இருக்கக் கூடாது."

*

சாயங்காலம் அம்மா வாசலை ஒட்டிய அறையில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் சேர்ந்து உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நடந்துச்சா?"

"முக்கால்வாசி நடந்துச்சும்மா."

எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததில் ஒன்றும் இப்போது உதவவில்லை. பல்லு பத்திரத்தின் நகலை எடுத்து அம்மா மடியில் வைத்தாள். அண்ணன் எடுத்த நகல். இந்தத் தடவை அவன் அதை வெறும் காகிதமாகவே விட்டிருந்தான்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. படிக்கவும் இல்லை. அவள் விரல் நேராக இடது ஓரத்துக்குப் போய் அந்த நேரத்தின்மேல் நின்றது.

அம்மாவுக்குத் தெரியும்!

"இது மடிஞ்சு போனப்போ, நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன்," என்றாள் அம்மா.

அண்ணன் கதவுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா... உன்கூட இன்னொருத்தர் பொறந்தாங்களா?"

"எங்கம்மா கடைசி நாள்ல ஒரே ஒரு தடவை சொன்னா. ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டுக் கப்பல் ஏற முடியலைன்னு. ஒருத்திக்கு உடம்பு முடியலையாம். ஆஸ்பத்திரியில இருந்த ஒரு அம்மா, நான் பார்த்துக்கறேன்னு கேட்டாங்களாம். அவ்வளவுதான் சொன்னா. மேல கேட்டா அழுதா. நானும் கேக்கலை."

கப்பல் ஏறி அறுபத்தெட்டு வருடம்! தங்களுக்குச் சோறு போட்ட, தலை வாரிவிட்ட, ராத்திரி காய்ச்சலுக்குக் கண் விழித்த இந்த அம்மாவுக்குள் இன்னொருத்தி இருந்திருக்கிறாள். பல்லு அம்மாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். காலையில் ஒரு நாட்டைக் கண்டு மலைத்தவளுக்கு, இந்தச் சின்ன உருவத்தைப் பார்க்க அதைவிட மலைப்பாக இருந்தது.

"அந்தத் தாளைக் குடு," என்றாள் அம்மா.

"இன்னிக்கே எழுதணும்னு இல்லைம்மா. நீ கொஞ்சம்..."

"எனக்காக உன் மேஜை காத்துக்கிட்டு இருக்குமா? குடுடி."

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள். தொலைபேசி நிலையத்துப் பதிவேட்டில் எழுதிப் பழகிய சாய்வில்லாத எழுத்து. உடன்பிறந்தோர்: ஒருவர். ஆணா, பெண்ணா: பெண். மூத்தவரா, இளையவரா என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு ரெண்டு பத்து. அவளோட நேரம் அவ பத்திரத்துலதான் இருக்கும்," என்று முணுமுணுத்து, ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அடுத்த கட்டம், பெயர்.

பேனா அங்கே நின்றது. அம்மா எழுதவில்லை. கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கட்டம்கூட காலியா விடக் கூடாதுன்னு சொன்னாங்கம்மா," என்றாள் பல்லு மெதுவாக.

அம்மா நிமிர்ந்தாள். இத்தனை வயதில் அந்த முகத்தில் அவர்கள் பார்த்தே இராத ஒரு குழந்தைத்தனம்.

"அவளுக்கு என்ன பேரு வெச்சாங்கன்னு எனக்குத் தெரியாதேடி. அந்த ஆபீஸ் அம்மாகிட்ட கேட்டா சொல்லுவாங்களா?"